ஆறாவது அஜெண்டா: பிரபஞ்சத்தின் தோற்றம்

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு எங்கள் அபார்ட்மெண்ட் கமிட்டி போன மார்ச் மாதம் விடை கண்டுபிடித்துவிட்டது. ஏழுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் தீர்மானம் பாஸ். உலகத்தில் எத்தனையோ பேர் மலை உச்சியிலும் பனிக்கண்டத்திலும் தொலைநோக்கியை நட்டுவைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களுக்கெல்லாம் நாங்கள் இருக்கிற கனகபுரா ரோட்டுக்கு வழி தெரியவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவர் கமிட்டிச் செயலாளர் திரு. சீனிவாசராகவன். அவரைக் கட்டிக்கொண்டு முப்பத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். என் பெயர் கோமளம்.

இவர் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா மைசூர் மகாராஜா காலத்தில் பொதுப்பணித் துறை ஓவர்சியர். அந்த ஓவர்சியர் ரத்தம் இவர் உடம்பில் இன்னும் ஓடுகிறது. யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் போய் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொள்வார். பிளம்பர் குழாயைப் பிரித்தால் பிளம்பருக்குப் பாடம் எடுப்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்குள் தன் வியாதியின் பெயர், மருந்தின் பெயர், அது வேலை செய்யும் விதம் மூன்றையும் டாக்டருக்கே சொல்லிவிடுவார். பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். மற்றவர்கள் செய்த பொருளைப் பார்த்து "சரி", "தப்பு" என்று முத்திரை குத்துகிற உத்தியோகம். மனுஷனைக் கெடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

தெரியாது என்ற வார்த்தை மட்டும் இவர் வாயில் வராது. ஒரு தடவை யாரோ ஒரு பெரியவர் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று சௌல்ட்ரிக்கு வழி கேட்டார். அந்தக் கல்யாண மண்டபத்தின் பெயரையே இவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். அதனால் என்ன? "நேரா போய் மூணாவது கிராஸ்ல லெப்ட் எடுங்கோ, பார்க் பக்கத்துல" என்று கையைக் காட்டி அனுப்பிவைத்தார். அங்கேயும் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. பெரியவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டு, மொய்க் கவரையும் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று கத்தினார். "சாப்பாடு எப்படி இருந்தது?" என்று இவர் கேட்டார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

மல்லேஸ்வரத்து வீட்டைப் பங்காளிகள் பில்டரிடம் கொடுத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தோம். அபார்ட்மெண்டின் பெயர் ஸ்கைவியூ பாரடைஸ். ஜன்னலைத் திறந்தால் எதிர் டவர்க்காரர்கள் துணி உலர்த்துவது தெரியும். ஸ்கை மட்டும் தெரியாது. இங்கே எல்லாமே தீர்மானம்தான். ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பிறகு கை தூக்க வேண்டும். நாய்க்கு லிஃப்டில் அனுமதி உண்டா, பிள்ளையார் எத்தனை அடி உயரம், யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளியா பாயசமா, எல்லாவற்றுக்கும் கை தூக்குவார்கள். இவரைச் செயலாளராகப் போட்டதும் கேட்க வேண்டுமா? ஓவர்சியர் தாத்தாவுக்கே ஒரு சாம்ராஜ்யம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு மதில் சும்மா கிடக்கிறதே என்று கமிட்டியின் கண்ணில் பட்டது. அங்கே ஒரு விஞ்ஞான மூலை அமைக்கலாம், பெரிய பலகையில் பிரபஞ்சத்தின் கதையை எழுதி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. "எழுதறதுக்கு என் பொண்ணு இருக்கா" என்று இவர் அடுத்த நிமிஷமே எழுந்து நின்றார்.

இருக்கிறாள்தான். எங்கள் ஒரே பெண் நிருபமா. நகரத்தின் வடக்கு மூலையில் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் சேலத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால் அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு இருக்கிறாள். இவர் போனில் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அப்பா, என் பேரைப் போடறதா இருந்தா நான் எழுதினது மட்டும்தான் இருக்கணும். ஒரு வார்த்தை கூடக் கொறையப்படாது. இந்த வேலைல என்கிட்ட இருக்கறது என் பேரு ஒண்ணுதான்" என்றாள். "சேச்சே, என்ன பேச்சு இது!" என்றார் இவர். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

அவள் எழுதி அனுப்பியது சின்னதுதான். பலகையில் கன்னடமும் இங்கிலீஷுமாக இருக்கும். நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால் பிரபஞ்சம் தாங்க முடியாத சூடாகவும் நெருக்கமாகவும் இருந்தது. அன்றிலிருந்து விரிந்துகொண்டும் ஆறிக்கொண்டும் இருக்கிறது. கிட்டத்தட்ட நாலு லட்சம் வருஷம் வெளிச்சம் அந்தக் கொதிப்புக்குள்ளேயே முட்டி மோதிக்கொண்டு கிடந்தது. கொஞ்சம் ஆறியதும் வழி கிடைத்துக் கிளம்பியது. அந்த வெளிச்சத்தின் மிச்சம் இன்றைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் நம்மேல் வந்து விழுகிறது, அதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். இவ்வளவையும் தைரியமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "இதற்கு முன்னால் என்ன இருந்தது, முன்னால் என்று ஒன்று உண்டா என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது."

வந்தது வினை.

கமிட்டிக் கூட்டம் கிளப் ஹவுசில் நடந்தது. குடியிருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். நான் போய் உட்கார்ந்தேன். முதல் அஜெண்டா தண்ணீர் டேங்கர். இரண்டாவது கழிவுநீர்த் தொட்டி நாற்றம். அப்படியே பார்க்கிங், நாய், ஜிம் கண்ணாடி என்று வந்து, ஆறாவதாகப் பிரபஞ்சத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள். இவர் நிருபமாவின் உரையைக் கணீர் என்று வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் கொஞ்சம் கம்மியது.

தலைவர் நரேஷ் கையைத் தூக்கினார். வீட்டுமனை வியாபாரம் செய்கிறவர். "சார், எல்லாம் சென்னாகிதே. சூப்பர். ஆனா அந்த லாஸ்ட் லைன் வேணாம். ஃபிளாட் பாக்க வர்ற கஸ்டமர் உள்ள நுழைஞ்ச உடனே 'யாருக்கும் தெரியாது'ன்னு போர்டைப் பாத்தா என்ன நெனப்பான்? இந்த அசோசியேஷனுக்கு ஒண்ணும் தெரியாது போலன்னு நெனப்பான். ரீசேல் வேல்யூ அடி வாங்கிடும்."

"அப்ப என்ன சார் போடறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"விரைவில் தெரிவிக்கப்படும்னு போடலாமே" என்றார் நரேஷ்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் யோசிக்கிற முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷ விஷயத்துக்கு, 'விரைவில் திறப்பு விழா' என்கிற மாதிரி ஒரு காம்ப்ளெக்ஸ் வாசல் போர்டு!

அடுத்து எல்லாரும் இன்னொரு கமிட்டி மெம்பரான லாயிடைப் பார்த்தார்கள். அவர் பிரேசர் டவுன்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சாமியை விட்டுவிட்டீர்களே என்று சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார்கள் போல. அவர் கையை விரித்தார். "இதுல என்னா சார் இருக்கு? தெரியலன்னா தெரியலன்னு போடுங்க. எங்க ஃபாதரே சில கேள்விக்கு அப்பிடித்தான் சொல்றாரு. படிச்ச பொண்ணு எழுதி குடுத்துருக்குது, அது கூட நம்ம ஏன் சார் மல்லுக்கட்டணும்?"

இங்கேயாவது என் வீட்டுக்காரர் எழுந்து, என் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஒரு எழுத்து மாறாது என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஒரு சின்னத் திருத்தம்" என்றார். நின்ற இடத்திலேயே எழுதி வாசித்தார்: "இதற்கு முன்னால் எல்லையற்ற பேரமைதியும் பேராற்றலும் நிலவின என்பது விஞ்ஞானத்தால் நிரூபிக்கப்பட்டுள்ளது."

அமைதி வேண்டுமென்றவர்களுக்கு அமைதி, ஆற்றல் வேண்டுமென்றவர்களுக்கு ஆற்றல், எல்லாருக்கும் மேலே விஞ்ஞானம் முத்திரை. கைத்தட்டல். நரேஷ் வழிமொழிந்தார். எதிர்த்தது இரண்டே கை. ஒன்று லாயிடுடையது, இன்னொன்று யூனிஸ் என்கிற பல் டாக்டருடையது. அப்புறம் ஏழாவது அஜெண்டாவுக்குப் போனார்கள். அது கொசு மருந்து.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கேள்? யார் நிரூபிச்சா? எந்த ஊர்ல நிரூபிச்சா?"

"சும்மா இருடி. பொதுஜனத்துக்குப் புரியற மாதிரி சொல்லணும். அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியாது."

"முப்பத்திரண்டு வயசு சின்னப் பொண்ணு! அவ பேரைப் போட்டு உங்க சரக்கை விக்கறேளே, வெக்கமா இல்லை? இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்கோ."

"நேரம் வரும்போது சொல்லிக்கறேன்."

அந்த நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் வரவில்லை. இவர் போனைத் தொடவில்லை. அதற்குப் பதிலாகப் பலகையின் அடியில் பதிக்க ஒரு பித்தளைத் தகடு செய்யக் கொடுத்தார். "உரை: டாக்டர் நிருபமா சீனிவாசராகவன்". அதற்கு மட்டும் தீர்மானம், வழிமொழிதல் எதுவும் கிடையாது. வந்ததும் பூப்போட்ட துண்டால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் நாலு மூலையும் முடுக்கி வந்தார். அந்தத் தகட்டில் பாதி இவர் பெயர் என்பதை நான் சொல்லிக் காட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு இவர் முகத்தில் இருந்தது வெறும் ஜம்பம் இல்லை. பெண்ணின் பெயரைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார். அந்தப் பாசத்துக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் முடியாது.

நானே நிருபமாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாவே என்கிட்ட சொல்லட்டும்மா. திறப்பு விழா வரைக்கும் டைம் இருக்கே" என்றாள். "எங்க ஹெட்டும் வரேன்னிருக்காங்க. நான்தான் ஆசையா கூப்பிட்டேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு இவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. உப்பு ஏன் உடம்புக்கு ஆகாது என்று விளக்கிக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார்.

திறப்பு விழா அன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் நிருபமா வந்தாள். "எல்லாம் ஓகேதானேப்பா?" என்று வாசலிலேயே கேட்டாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் இவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஷாமியானாக்காரனுக்குக் கம்பு நட வேண்டிய கோணத்தைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

அவளுடைய துறைத் தலைவி ஆஞ்சலாவும் வந்திருந்தார். ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். பலகையை மூடியிருந்த துணியை நரேஷ் இழுத்தார். எல்லாரும் தட்டினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், படம் அங்கிருந்தே குரூப் குரூப்பாகப் பறந்தது. ஆஞ்சலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் நின்றார். மறுபடியும் வாசித்தார். பிறகு கீழே பித்தளைத் தகட்டைப் பார்த்தார்.

"நிருபமா, இதுக்கு ஆதாரம் என்னம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

என் பெண்ணின் முகம் செத்துப்போனது. ஆனாலும் நிமிர்ந்து நின்று, மைக்கை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இந்தக் கடைசி வரி நான் எழுதினதில்லை. நான் எழுதினது, தெரியாதுன்னு. இதை எழுதினது எங்கப்பா. ஆதாரம் என்னன்னு அவரே சொல்லட்டும்." மைக்கை இவரிடம் நீட்டினாள்.

தப்பிக்க ஒரு வாய்ப்புதான் அது, அவள் கொடுத்தது. ஆர்வத்தில் எழுதிவிட்டேன், மாற்றிவிடுகிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. இந்த மனுஷன் மைக்கை வாங்கினார், தொண்டையைக் கனைத்தார், பேச ஆரம்பித்தார்! தொழிற்சாலை பாய்லரில் அழுத்தம் ஏறுவதைச் சொன்னார். வால்வு திறந்ததும் நீராவி சீறுவதைச் சொன்னார். பெருவெடிப்பும் அதுதான் என்றார். அப்படியானால் பாய்லருக்கு முன்னால் நெருப்பு மூட்டியவன் யார், அதுதான் பேராற்றல் என்றார். நடுவில் அணுவுக்கும் இட்லி மாவுக்கும் ஏதோ சம்பந்தம் வந்தது. விழா டிபனுக்கு வைத்திருந்த இட்லி ஆறும்வரை பேசினார். கூட்டம் தட்டியது. நரேஷ் விசில் அடித்தார். ஆஞ்சலா நிருபமாவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனார். அந்தத் தட்டலைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் நிருபமா இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, அந்த வரியை எடுங்கோ" என்றாள்.

"தீர்மானம் பாஸ் ஆன வரிம்மா. ஜெனரல் பாடி கூடினாத்தான் மாத்த முடியும்."

"சரி, விடுங்கோ. ஒண்ணு கேக்கறேன். ஆறு வருஷமா நான் என்ன வேலை பண்றேன், சொல்லுங்கோ பாப்போம்."

"தெரியாதா என்ன? பிளாக் ஹோல் உள்ள என்ன இருக்குன்னு..."

"அது என் பக்கத்து சீட்டுக்காரன் பண்றதுப்பா."

இவர் அசரவில்லை. "அதோட சேர்த்து அந்தப் புதுக் கிரகங்கள்..."

"தூசி" என்றேன் நான், பொறுக்க முடியாமல். "அந்தப் பழைய வெளிச்சத்தோட நம்ம பால்வெளித் தூசியும் மினுங்கி ஒண்ணா கலந்து வரது. எது தூசி, எது பழசுன்னு பிரிச்சு எடுக்கறா. ஒரு நாள் அவளைக் கேட்டேன், சொன்னா. அவ்வளவுதான்."

நிருபமா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உக்காந்து சொல்லியிருப்பேனேப்பா. நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னுதான் வருவேன். வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே எனக்குச் சொல்ல ஆரம்பிச்சுடுவேள்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு, "எனக்கு ஜெர்மனில வேலை கெடைச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன். அடுத்த மாசம் கிளம்பறேன். அந்த வரியை மாத்த முடியாதுன்னா வேண்டாம். என் பேரை மட்டும் எடுத்துடுங்கோ. அதுக்குத் தீர்மானம் போடலையே?" என்றாள்.

போடவில்லை. அது இவருக்கே தெரியும்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். அலமாரியைக் குடைந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் இவர் மதில் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். தானே இறுக்கி முடுக்கியது, லேசில் வரவில்லை. கை நழுவி விரலில் கீறிக்கொண்டார். "என்ன சார், தப்பா மாட்டிட்டீங்களா?" என்று நரேஷ் தூரத்திலிருந்து கேட்டார். இவர் அடுத்த திருகுக்குப் போனார். கேட்ட கேள்விக்கு இவர் பதில் சொல்லாமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இவருக்கு நன்றாக வேணும் என்றும் எனக்கு இருந்தது, பாவமாகவும் இருந்தது.

தகட்டைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். நிருபமாவின் கேப் வந்துகொண்டிருந்தது.

"போனா எப்போம்மா திரும்பி வருவே?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா" என்றாள்.

இரண்டு வருஷம், மூன்று வருஷம், விசா ரூல்ஸ் இப்படி என்று ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார் என்று நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவள் வண்டியில் ஏறிக் கையை அசைத்துவிட்டுப் போனாள்.

பேரமைதியும் பேராற்றலும் இன்னும் மதிலில்தான் இருக்கின்றன. குழந்தைகள் அதன்மேல் பந்து அடிக்கிறார்கள். நிருபமா போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. பெண் எப்போது வருகிறாள் என்று லிஃப்டில் யாராவது கேட்டால், இவர் என் முகத்தைப் பார்க்கிறார்.